வண்டிக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயமா?

மேட்டுப்பாளையம் சாலையிலே, மண்டிக்கு எதிரே நிற்கும் சரக்கு வண்டிக்காரத் தோழரிடம் சென்று, "இருபது மூட்டை ஏற்ற வேண்டும், வருகிறீரா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே தலையாட்டிவிட மாட்டார். "என்ன மூட்டைங்க? மூட்டை எத்தனை கிலோங்க? எந்த ஊருக்குங்க? ரோடு எப்படிங்க?" என்று நாலு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டு வண்டியைப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார், பட்டையைப் பார்ப்பார். அதன் பிறகே கூலி பேசுவார்.

பொள்ளாச்சிப் பக்கத்து உழவரைப் பாருங்கள். கிணற்றுக்கு மோட்டார் வாங்கக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் கேட்கிறார்: "கிணறு எத்தனை அடி? தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? மேட்டுக் காட்டுக்கு ஏற்ற வேண்டுமா?" அத்தனைக்கும் விடை தெரிந்த பிறகே, இன்ன குதிரைத்திறன் மோட்டார் என்று எடுத்துக் கொடுக்கிறார். வார்ப்படச் சாலையிலே தொங்குகிறதே செயின் பிளாக், அதன் நெற்றியிலே எத்தனை டன் தூக்கும் என்று முத்திரை குத்தியிருக்கிறது. முத்திரைக்கு மேலே சுமை ஏற்றினால் மேஸ்திரி சும்மா விடுவாரா?

பாரம் அறிந்து வண்டி, ஆழம் அறிந்து மோட்டார், எடை அறிந்து சங்கிலி! இப்படிக் கேட்டுக் கேட்டே தொழில் வளர்த்த ஊர் நம் கோவை. ஆனால் தோழர்களே, காலிழந்த ஒரு மனிதன் நாள் முழுதும் வாழப்போகும் சக்கர நாற்காலியை வாங்கும்போது, "இது எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

நான் கேட்கவில்லை. குற்றவாளிக் கூண்டிலே முதலில் ஏறி நிற்பவன் நானே. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

மாலை போட்டோம், மறந்துவிட்டோம்!

சிங்காநல்லூர் பக்கத்திலே, லைன் வீடு ஒன்றிலே குடியிருக்கும் அண்ணன் ஒருவர். பெயர் வேண்டாம், அவருடைய துயரை விளம்பரமாக்க எனக்கு உரிமை இல்லை. சுமை தூக்கும் தொழிலாளி. ஆள் நல்ல உயரம், அகன்ற மார்பு, மலைபோன்ற தோள். ஒரே மூச்சில் இரண்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பலகைமீது நடப்பார். நம் கூட்டங்களுக்குக் கொடிக்கம்பம் நட அவர் ஒருவர் போதும் என்று பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் லாரியின்மேல் அடுக்கிய சரக்கிலிருந்து வழுக்கி விழுந்தார். தண்டுவடம் அடிபட்டது. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஓடியாடிய உடல் ஓரிடத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த உடல் பருத்தது.

நாங்கள் என்ன செய்தோம்? உண்டியல் குலுக்கினோம். ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் தோழர்கள் கொடுத்த காசைச் சேர்த்துச் சக்கர நாற்காலி ஒன்று வாங்கினோம். பளபளப்பான நாற்காலி! அதற்குக் கொடியின் நிறத்தில் நாடா கட்டினோம்; அண்ணனுக்கு மாலை போட்டோம்; புகைப்படம் எடுத்துக்கொண்டோம்; நான் பத்து நிமிடம் பேசினேன். கைதட்டல் எழுந்தது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினோம்.

நான்காம் மாதம். வாசற்படியிலிருந்து அண்ணி நாற்காலியை மெல்ல இறக்குகிறார். இருக்கைக்கு அடியிலே, பெருக்கல் குறிபோல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சட்டம் இருக்கிறதே, அவற்றை இணைக்கும் போல்ட் முறிந்தது. நாற்காலி புத்தகம் மூடுவதுபோல் மூடிக்கொண்டது. அண்ணன் சரிந்தார், ஊன்றிய இடக்கை மணிக்கட்டு ஒடிந்தது. காலில்லாதவனுக்குக் கைதானே கால்! அந்தக் காலும் ஆறு வாரம் மாவுக்கட்டில் கிடந்தது.

பார்க்கப் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்னே அவர் சொன்னார்: "நீங்கெல்லாம் காசு போட்டு வாங்கிக் குடுத்த நாக்காலிங்க தம்பி. ஒடைச்சுப் போட்டனுங்க. எல்லாம் இந்த ஒடம்பு பண்ணுன வேலைங்க."

கேட்டீர்களா? கை ஒடிந்தவர் மன்னிப்புக் கேட்கிறார்! பக்கத்து வீட்டார் சொன்னார்களாம், "ஒடம்பைக் கொறைக்கோணும், நாக்காலி என்ன பண்ணும்" என்று. அவரும் நம்பிவிட்டார். வலியைவிட வெட்கம் அவரை அதிகம் வாட்டியது.

உடைந்த நாற்காலியைப் புரட்டிப் பார்த்தேன். சட்டத்தின் அடியிலே சிறு சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதிகபட்ச எடை: 100 கிலோ. அண்ணனின் எடை 132 கிலோ என்பது பிறகு நாங்கள் நிறுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அந்தச் சீட்டு முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. மாலை போட்ட கைகள் ஒன்றுகூட அதைத் தடவிப் பார்க்கவில்லை!

தராசில் ஏறிய தலைவர்கள்

எடை என்றால் கேலி என்று எப்போது ஆயிற்று? தலைவர்களைத் தராசுத் தட்டில் அமர்த்தி, எடைக்கு எடை நாணயம் கொடுத்து மகிழ்ந்த மேடைகள் நம் மேடைகள் அல்லவா? அங்கே ஒவ்வொரு கிலோவும் பெருமை! ஆனால் ஒரு பாட்டாளி பருத்திருந்தால் அது திரைப்படத்திலே நகைச்சுவை, பேருந்திலே முணுமுணுப்பு, மருத்துவமனையிலே "இந்த ஆளை யார் தூக்குவது?" என்ற பெருமூச்சு!

ஈரோட்டில் 1879இல் பிறந்த பெரியார், முதுமையின் முற்றுகையிலே சக்கர நாற்காலியில் அமர்ந்தார். அமர்ந்ததால் அடங்கினாரா? 1973 டிசம்பர் 19இல், 94 வயதில், சென்னை தியாகராயர் நகரிலே தம் கடைசிப் பேச்சைப் பேசிவிட்டுத்தான் ஓய்ந்தார். 2010 ஜூனில் இதே கோவையில், கொடிசியா வளாகத்தில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்குச் சக்கர நாற்காலியிலேயே வந்தார் அன்றைய முதல்வர் கலைஞர். வேலூரிலே மேரி வர்கீஸ் என்ற மருத்துவர், 1954இல் விபத்தில் சிக்கிக் கால்கள் செயலிழந்த பிறகும், நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானார்.

நாற்காலி மனிதனை முடக்குவதில்லை. ஆளுக்குப் பொருந்தாத நாற்காலிதான் முடக்குகிறது!

எஃகுக் குழாயை மடித்து, அடியில் குறுக்குச் சட்டம் வைத்த மடக்கு நாற்காலி எப்படிப் பிறந்தது தெரியுமா? அமெரிக்காவிலே ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற சுரங்கப் பொறியாளர், சுரங்க விபத்தில் முதுகு ஒடிந்தவர். தமக்குக் கொடுத்த கனமான நாற்காலி காருக்குள் ஏறவில்லை என்று, நண்பர் ஹாரி ஜென்னிங்சுடன் சேர்ந்து 1933இல் அதைச் செய்தார். அதாவது, உட்காருபவனின் தேவையிலிருந்து பிறந்தது அந்த நாற்காலி. கடைக்காரனின் கையிருப்பிலிருந்து அல்ல! இன்று நாம் தலைகீழாக்கிவிட்டோம். கையிருப்பில் உள்ள நாற்காலிக்கு மனிதன் பொருந்த வேண்டும் என்கிறோம்.

இரண்டாம் முறை தப்பு நேரலாகாது என்று உறுதிகொண்டு, மறுவாழ்வு மருத்துவம் படித்தவர்களிடம் கேட்டோம். பட்டறைத் தோழர்களிடம் கேட்டோம். எல்லோருக்கும் மேலாக அண்ணனிடமும் அண்ணியிடமும் கேட்டோம். கற்றதை வரிசையாக எழுதுகிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊரிலும் ஓர் அண்ணன் இருப்பார்.

முதற் கேள்வி: எத்தனை கிலோ?

நிற்க முடியாதவரை எப்படி நிறுப்பது? நாற்காலியோடு நிறுங்கள்! அரிசி மண்டியிலே தரையோடு தரையாய் மேடைத் தராசு இருக்கிறதே, அதன்மேல் அமர்ந்தபடியே ஏற்றினோம்; இரவல் நாற்காலியும் ஆளுமாக 154 கிலோ. வெறும் நாற்காலி 22 கிலோ. கழித்தால் 132. அதோடு முடியவில்லை. மெத்தை, தண்ணீர்ப் புட்டி, மாட்டும் பை இவற்றுக்கு ஆறு கிலோ சேர்த்தோம். உடல் இன்னும் கொஞ்சம் கூடினாலும் தாங்க வேண்டும் என்று இடம் விட்டோம். 138க்கு 140 என்று இழுத்துப் பிடிக்காமல், 180 கிலோ தாங்கும் நாற்காலி என்று முடிவு செய்தோம்.

சாதாரண நாற்காலிகள் 100 கிலோ அளவிலே நின்றுவிடுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் 2025இல் வெளியிட்ட நாற்காலி ஒன்று 9 கிலோ எடைதான். ஒரு கையால் தூக்கலாம். பாராட்டத்தக்க சாதனை. அதுவும் 120 கிலோ வரை என்றே அறிவித்தார்கள். அதற்கு மேலே உள்ளவர்களுக்குக் 'கனரக' நாற்காலி என்று தனி வகை. அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீட்டிலே 250 பவுண்டைத் தாண்டினால், அதாவது 113 கிலோவைத் தாண்டினால் கனரகம். 300 பவுண்டைத் தாண்டினால், அதாவது 136 கிலோவுக்கு மேலே, மிகு கனரகம் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே கடையிலே "ஹெவி டூட்டிங்க" என்று வாயால் சொல்வது போதாது. எத்தனை கிலோ என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

புரட்டிப் பாருங்கள். குறுக்குச் சட்டம் ஒற்றையா, இரட்டையா? கனரகம் என்றால் இரட்டை இருப்பது நல்லது. இருக்கைத் துணி இரண்டு மடிப்பாய்த் தைத்து வலுவூட்டியதா? முன் சக்கரம் அகலமானதா? அதைப் பிடித்திருக்கும் கவை தடித்ததா? சங்கிலியின் வலு அதன் மெலிந்த வளையத்தில் என்று சொல்லித் தரவேண்டியதில்லை உங்களுக்கு.

"ஏனுங்க, பழைய நாற்காலிக்கே ரெண்டு ஆங்கிள் வெச்சு வெல்டிங் அடிச்சாப் போதாதுங்களா?" என்று கேட்டார் லேத் பட்டறைத் தோழர் ஒருவர். நல்லெண்ணம்தான். ஆனால் சட்டத்தை மட்டும் தடிக்க வைத்தால், அச்சும் பேரிங்கும் முன் சக்கரமும் பிரேக்கும் பழைய 100 கிலோவுக்குத்தானே செய்தவை? உடையும் இடம் மாறும், உடைவது நிற்காது! ஐ.எஸ்.ஓ. 7176 என்ற உலகத் தர அளவையிலே, நாற்காலியைப் பாரத்தோடு உருளைமேல் ஏற்றி 2,00,000 முறை அதிர ஓட்டுகிறார்கள். பிறகு 6,666 முறை கீழே விழச் செய்கிறார்கள். அத்தனைக்கும் முறியாமல் நின்றால்தான் தேர்ச்சி. இரண்டு ஆங்கிளை வைத்துப் பற்றவைத்து இதை எட்டிவிட முடியுமா?

இரண்டாம் கேள்வி: எத்தனை அங்குலம்?

எடை தாங்கினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 150 கிலோ தாங்கும், ஆனால் 18 அங்குல அகலமே உள்ள நாற்காலியும் உண்டு. சாதாரண இருக்கை அந்த அளவுதான். பருத்த உடலை அதில் திணித்தால் தொடையின் பக்கம் உரசிப் புண்ணாகும். உணர்வில்லாத தொடை! புண் வந்ததே தெரியாது. தெரியும்போது குழி விழுந்திருக்கும்.

அளப்பது எளிது. கெட்டியான பலகைமேல் அமர வையுங்கள். இடுப்பின் இருபுறமும், எங்கே உடல் அதிக அகலமோ அங்கே, இரண்டு தடித்த புத்தகத்தைச் செங்குத்தாக வையுங்கள், அழுத்தக் கூடாது. இடைவெளியை நாடாவால் அளங்கள். அண்ணனுக்கு 21 அங்குலம் வந்தது. வேட்டிக்கும் அசைவுக்கும் ஓர் அங்குலம் சேர்த்து 22 அங்குல இருக்கை. "எதற்கும் 26 வாங்கிவிடுவோமே" என்றார் ஒருவர். கூடாது! இருக்கை மிக அகன்றால் உடல் ஒரு பக்கம் சாயும். கை சக்கரத்தை எட்டாமல் தோள் தேயும்.

அடுத்தது இருக்கையின் நீளம். முதுகின் பின்புறத்திலிருந்து முழங்காலின் மடிப்பு வரை அளந்து, இரண்டு அங்குலம் கழிக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம். பருத்தவர்களுக்குப் பின்புறச் சதை சாய்மானத்தில் முட்டி, உடல் முன்னே தள்ளப்படும். பாரம் முன்னே வந்தால் சிறிய முன் சக்கரங்கள்மேல் சுமை ஏறும். நாற்காலி தள்ளவே வராது. குனிந்தால் முன்னே கவிழும். ஆகவே பின் சக்கரத்தின் அச்சை முன்னே நகர்த்திப் பூட்டும் வசதி உள்ளதா என்று பாருங்கள். சாய்மானத் துணியைத் தளர்த்தி இறுக்கும் வசதியும் வேண்டும். மாட்டு வண்டியிலே பாரம் முன்னே போனால் மாட்டின் கழுத்து படும் பாடு தெரிந்தவர்களுக்கு இது விளங்காதா?

பாதத் தட்டு காலின் அளவுக்கு இருக்க வேண்டும். கை வைக்கும் சட்டம் கழற்றும்படி இருக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து போக அதுதான் வழி. இருக்கையின் உயரமும் கட்டிலின் உயரமும் ஒன்றாக இருந்தால், தூக்க வேண்டியதில்லை. வழுவழுப்பான பலகை ஒன்றைப் பாலமாக வைத்து நகர்ந்துவிடலாம். அந்தப் பலகை எத்தனை கிலோ தாங்கும் என்றும் கேளுங்கள்!

மெத்தையும் அப்படியே. மெத்தைக்கும் எடை அளவு உண்டு. மெல்லிய பஞ்சு ஒரே வாரத்தில் அப்பளமாய்த் தட்டையாகும். நல்ல மெத்தை இருந்தாலும், கால் மணிக்கும் அரை மணிக்கும் ஒருமுறை முன்னே சாய்ந்தும் பக்கம் சாய்ந்தும் இடுப்பின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். உடலைக் கையால் தூக்கிக்கொள் என்று பருத்தவரிடம் சொல்வது வீண் உபதேசம்; சாய்வதே அவருக்கு ஏற்றது. இரவிலே தோல் சிவந்திருக்கிறதா என்று அண்ணி பார்க்கிறார். மடிப்புகளில் ஈரம் நிற்காமல் துடைக்கிறார்.

மூன்றாம் கேள்வி: வாசல் விடுமா?

நாற்காலி தேறியது. வீடு தேறியதா? இருக்கை 22 அங்குலம் என்றால், இருபுறச் சக்கரமும் கைவளையமும் சேர்ந்து வெளி அகலம் ஏறத்தாழ 30 அங்குலம். லைன் வீட்டின் தலைவாசலை அளந்தோம். நிலைக்கு உள்ளே 30 அங்குலம். குளியலறைக்கு 26! நாற்காலி வீதியில் ஓடும், வீட்டுக்குள் வராது! இதை நாற்காலி வாங்கிய பிறகு கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்ட குடும்பங்கள் எத்தனையோ. பொதுக் கட்டடங்களுக்கு அரசு வகுத்த அளவு, கதவு திறந்தால் 900 மில்லிமீட்டர், அதாவது மூன்று அடிக்குச் சற்றே குறைவு. அதைக் கணக்கில் வைத்தோம்.

வீட்டுச் சொந்தக்காரர் முதலில் மறுத்தார். "வாடகைக்கு இருக்கிறவங்க நிலையைப் பேர்த்தா எப்படிங்க?" என்றார். நாலு தோழர்கள் போய்ப் பேசினோம், மிரட்டவில்லை, அண்ணனின் ஒடிந்த கையைக் காட்டினோம். இணங்கினார். கொத்தனார் தோழர் கூலி வாங்காமல் நிலையை அகற்றி மூன்றடி வாசல் வைத்தார். குளியலறையில் கதவை எடுத்து, சுவரை இடித்துத் தள்ளி வைத்துத் திரை போட்டோம்.

பிறகு படி. திண்ணை ஓரடி உயரம். பலகையைச் சாய்த்துப் போட்டால் முடிந்தது என்றார்கள். முடியாது! ஓரடி ஏறப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணன் 132, புதிய நாற்காலி 28. மொத்தம் 160 கிலோ. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவிலே தள்ளுபவர் 13 கிலோ பாரத்தைத் தாங்கினால் போதும். ஆறடிப் பலகை என்றால் 27 கிலோ! அதைத் தினம் ஆறு முறை ஏற்றி இறக்குவது யார்? புகைப்படத்தில் நின்ற நாமா? இல்லை, ஐம்பதை நெருங்கும் அண்ணி! நாற்காலி வாங்கும்போது உட்காருபவரின் எடையை மட்டுமல்ல, தள்ளுபவரின் இடுப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சந்து குறுகலாக இருந்ததால் சரிவைச் சுவரோரமாகத் திருப்பிப் பன்னிரண்டடிக்குக் கட்டினோம். பின்னே சாய்ந்து கவிழாமல் இருக்க, நாற்காலியின் பின்புறம் சிறு சக்கரத் தடுப்பு இரண்டு மாட்டினோம்.

பேருந்து நிலையம் வரை தாமே போக வேண்டும் என்பவர்களுக்கு மின்கல நாற்காலி உண்டு. அதுவோ நாற்காலியே பல மடங்கு கனம். திண்ணை, ஆட்டோ, பழுது பார்க்கும் ஆள், மூன்றையும் எண்ணிய பிறகே அதில் இறங்குங்கள்.

வாங்கியதோடு விடாதீர்கள். வாரம் ஒருமுறை போல்ட், நட்டை முடுக்குங்கள். பிரேக் பிடிக்கிறதா பாருங்கள். குறுக்குச் சட்டத்தில் மயிரிழைபோல் விரிசல் உண்டா என்று விரலால் தடவுங்கள். சைக்கிள் கடைத் தோழரே இதைச் செய்யலாம். 2008இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி நூலில், சக்கர நாற்காலி கொடுப்பதற்கு எட்டுப் படி வகுத்திருக்கிறார்கள். ஆளைப் பதிந்து, அளந்து, தேர்ந்து, பணத்துக்கு வழி செய்து, ஆயத்தம் செய்து, பொருத்தி, பழக்கி, பழுது பார்ப்பது வரை எட்டு! நாம் செய்ததோ ஒன்பதாவது படி ஒன்று மட்டும். மாலை போடுவது!

இனி கேட்போம்

"அப்படியானால் உடம்பைக் குறைக்கவே வேண்டாமா?" என்று சிலர் கேட்பர். அது அண்ணனுக்கும் அவருடைய மருத்துவருக்கும் இடையே நடக்கும் பேச்சு. குறைந்தால் மகிழ்ச்சி. ஆனால் குறைகிறவரை அவர் எங்கே உட்காருவார்? மெலிந்தால்தான் நாற்காலி என்பது, நீந்தத் தெரிந்தால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்பதுபோல் அல்லவா? நாற்காலி இருந்தால்தானே வெளியே வருவார். வெளியே வந்தால்தானே உடல் அசையும்!

உடல் ஊனமுற்றோர் என்ற சொல்லை நீக்கி மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லைத் தந்த நாடு இது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. கருவிகள் வழங்க 1981 முதல் ஒன்றிய அரசின் திட்டம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்திலே மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. தென்னாட்டுத் தொழிலாளிக்கு 1955இலேயே ஈ.எஸ்.ஐ. வந்து சேர்ந்த நகரம் இந்தக் கோவை. எல்லாம் இருந்தும், நாற்காலி வழங்கும் மேடையிலே ஒரு தராசும் ஒரு நாடாவும் இல்லையென்றால் என்ன பயன்? சொல் மாறினால் போதுமா? நாற்காலியும் மாற வேண்டாமா?

ஆகவே கேட்போம். நாற்காலி வழங்கும் முகாம் எதுவாயினும், அரசு நடத்தினாலும் நாம் நடத்தினாலும், மேடைத் தராசும் அளவு நாடாவும் முதலில் வரட்டும். மைக் பிறகு வரட்டும். ஒவ்வொரு நாற்காலியிலும், அடியில் ஒளித்து அல்ல, கண்ணில் படும் இடத்தில் தமிழில் பெரிய எழுத்தில் எத்தனை கிலோ என்று பொறிக்கப்படட்டும். மருத்துவமனையிலும் தொழிற்சங்க அலுவலகத்திலும் திருமண மண்டபத்திலும் அகன்ற நாற்காலி ஒன்றேனும் இருக்கட்டும். உலகத்துக்கே மோட்டார் செய்து அனுப்பும் நம் பட்டறைகள், அந்த 2,00,000 ஓட்டத்துக்கும் 6,666 வீழ்ச்சிக்கும் தாக்குப்பிடிக்கும் கனரக நாற்காலியைச் செய்து காட்டட்டும். பீளமேட்டு லேத்துக்கும் குறிச்சி வார்ப்படத்துக்கும் இது முடியாத காரியமா?

போன மாதம் பகுதிக் கூட்டம். நான் மேடையேறும்போது பார்த்தேன். முன்வரிசையிலே, 22 அங்குல இருக்கையிலே, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அண்ணன். சரிவிலே தாமே இறங்கி, கொஞ்ச தூரம் தம் கையாலேயே சக்கரத்தை உருட்டி வந்ததாக அண்ணி சொன்னார். கூட்டம் முடிந்து அருகே போனேன். மாலை எதுவும் கொண்டுபோகவில்லை.

"எப்படி இருக்குதுங்க அண்ணே நாற்காலி?" என்றேன்.

"ஆட்டமில்லீங்க தம்பி" என்றார். பிறகு, சீட்டு ஒட்டியிருந்த இடத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்: "நூத்தி எம்பது போட்டிருக்குதுங்க. இன்னும் ரெண்டு மூட்டை ஏத்தலாமுங்க!"

நான்கு மாதம் முன்னே தம் உடலுக்காக வெட்கப்பட்ட மனிதர், தம் எடையைத் தாமே எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறார். தோழர்களே, உண்டியல் காசு அன்றுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது!